துருவுக்கு மேலே பெயிண்ட்

"துருவா? பட்டி பார்த்து மேலே பெயிண்ட் அடிச்சுட்டா காத்து படாது சார், அதோட நின்னுடும்." காரை மறுபெயிண்டுக்கு விடுகிறவர்கள் பட்டறைதோறும் கேட்கும் பேச்சு இது. வண்டியின் ஆயுளைக் குறைக்கும் பேச்சும் இதுதான்.

காற்று படாது என்பதே முதலில் தவறு. எந்தப் பெயிண்டும் நீராவியையும் ஆக்சிஜனையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். துருவோ நுண்துளைகள் நிறைந்தது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அந்தத் துளைகளில் உப்பும் தங்கியிருக்கும். அந்த உப்பு பெயிண்டைத் தாண்டி ஈரத்தை இழுக்கிறது, கொப்புளம் கிளம்புகிறது. துரு தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிப்பதால், பெயிண்டை அடியிலிருந்தே நெம்பிவிடும்.

பட்டி இதைத் தடுக்காது. அதில் கலந்திருக்கும் டால்க் தூள் ஈரத்தை உறிஞ்சி, துருவின் மேலேயே வைத்திருக்கும். கதவின் அடிவிளிம்பில் ஓட்டை விழுந்திருந்தால், வடிகால் துளை மண்ணில் அடைபட்டு உள்ளிருந்து அரித்திருக்க வாய்ப்பு அதிகம். அதை வெளியே பட்டியால் மூடுவது ஏமாற்று. அரித்த தகரத்தை வெட்டியெடுத்துப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும்.

ரெட் ஆக்சைடு துருவைக் கொல்லும் என்பார்கள். அதன் சிவப்பு நிறமே இரும்பு ஆக்சைடுதான், துருவைக் கொல்லும் சக்தி அதற்கு இல்லை.

துருமாற்றித் திரவம் பற்றிச் சொல்வதில் மட்டும் பாதி உண்மை உண்டு. பாஸ்பாரிக் அமிலமும் டானிக் அமிலமும் குழிகளில் ஒட்டிய மெல்லிய துருவை மாற்றும். பொருக்காக எழும்பிய துருவின் அடிவரை அவை போகாது.

சின்னப் பெயர்ப்புதானே என்று விடுவதும் ஆபத்து. கல் பட்ட இடத்தில் சாம்பல் பிரைமர் தெரிந்தால் உடனடிப் பயமில்லை. தகரமே தெரிந்தால், துரு பெயிண்டுக்கு அடியில் பக்கவாட்டில் ஓடத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் புள்ளியைவிட அகலமாகச் சுரண்ட வேண்டும்.

சரியான முறை இது: 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பழைய பெயிண்டின் ஓரத்தை 180, பிறகு 320 கொண்டு விரலுக்குப் படி தட்டாதபடி சரிவாக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். ஈரக் காற்றில் வெறும் தகரம் சில மணி நேரத்திலேயே பழுப்பேறும். பட்டி அந்த எபாக்சிக்கு மேலேதான்.

வண்டியை விடும்போதே, பிரைமர் அடிக்குமுன் தகரத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.