ஆட்டுக்குட்டி எங்கே?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இந்த வாரம் எங்கே போகலாம்?" பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் பெரும்பாலும் பதில் மண்டாய்தான். விலங்கியல் தோட்டம், இரவு சஃபாரி, ரிவர் வொண்டர்ஸ், 2023 மே மாதம் திறந்த பேர்ட் பாரடைஸ் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. ஆனால் மண்டாய்க்குப் பத்துமுறை போயிருக்கும் பல குடும்பங்கள், மேற்கே கொஞ்சம் தள்ளியிருக்கும் லிம் சூ காங் பண்ணைகளுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. இரண்டு இடத்துக்கும் போக வேண்டும் என்பேன். ஒரே நாளில் வேண்டாம். பிள்ளைகளுக்கு அவை காட்டும் விஷயங்கள் வேறு வேறு.

முதலில் விலங்கியல் தோட்டம். 1973 ஜூனில் திறக்கப்பட்டபோதே, கம்பிக் கூண்டுகளைத் தவிர்த்து அகழி, நீர்நிலை, கண்ணாடி, செடிகொடி ஆகியவற்றால் விலங்கையும் மனிதரையும் பிரிக்கும் முறையில் அதை அமைத்தார்கள். இந்த யோசனை அதற்கும் முந்தையது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கார்ல் ஹாகன்பெக் 1907இல் திறந்த தோட்டம் இதற்கு முன்னோடி. உங்கள் பிள்ளை "சிங்கம் ஏன்பா வெளியே ஓடி வரலை?" என்று கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். "வேலி எங்கே இருக்குன்னு நீயே கண்டுபிடி" என்று சொல்லிப் பாருங்கள். அகழியின் ஆழத்தையும் சுவரின் உயரத்தையும் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு விலங்கின் முன்னால் இரண்டு நிமிடம்கூட நிற்காத பிள்ளை, பத்து நிமிடம் நிற்கும்.

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதுதான் நம்மவர்களின் பெரிய சிக்கல். கட்டிய காசு வீணாகக்கூடாது என்ற கணக்கு! மதியம் இரண்டு மணிக்குத் தாத்தா ஒரு பெஞ்சிலும், பிள்ளை தள்ளுவண்டியிலும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மூன்று விலங்குகளைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். மற்றவை வழியில் கண்ணில் பட்டால் சரி.

அந்த மூன்றில் ஒன்று ஒராங் உத்தானாக இருந்தால், ஆ மெங் கதையைச் சொல்லலாம். 2008இல் இறந்த அந்தப் பெண் ஒராங் உத்தான் ஊருக்கே செல்லப்பிள்ளை. இந்தோனீசியாவிலிருந்து கடத்தி வரப்பட்டு, யாரோ வீட்டில் சட்டவிரோதமாக வளர்த்து, 1971இல் மீட்கப்பட்டது. இனுக்கா பனிக்கரடியை நினைவிருக்கிறதா? 1990இல் இங்கேயே பிறந்து, 2018 ஏப்ரலில் முதுமையின் வேதனை தாளாமல் கருணைக்கொலை செய்யப்பட்டது. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி என்று ஒருகாலத்தில் பெருமையாகச் சொன்னோம். இனுக்காவுக்குப் பிறகு பனிக்கரடி வேண்டாம் என்று அது உயிரோடு இருந்தபோதே தோட்டம் முடிவெடுத்துவிட்டது. "ஏன் இப்போ பனிக்கரடி இல்லை?" என்ற கேள்விக்கு இதைச் சொன்னாலே போதும். பெரியவர்களும் ஒரு விஷயத்தை மறுபடி யோசித்து மாற்றிக்கொள்வார்கள் என்று பிள்ளைக்குப் புரியும்.

பண்ணையில் வரும் கேள்விகள் இன்னும் கடினமானவை.

லிம் சூ காங்கில் உள்ள ஹே டெய்ரீஸ் ஆட்டுப் பண்ணைக்குக் காலை ஒன்பது மணிவாக்கில் போனால் பால் கறப்பதைப் பார்க்கலாம். ஆடுகள் வரிசையாக மேடையேறித் தீவனத்தில் தலையை நுழைத்துக்கொள்ளும். பின்னால் இயந்திரம் பாலை உறிஞ்சும். ஒருமுறை நான் அங்கே நின்றிருந்தபோது பக்கத்தில் ஒரு குடும்பம். ஐந்து வயதுப் பெண் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பாயி, இது அம்மா ஆடுன்னா குட்டி எங்கே? குட்டிக்குப் பால் வேணாமா?" பாட்டி மகனைப் பார்த்தார். மகன் கைபேசியைப் பார்த்தார். பிறகு "குட்டி தூங்குதுடா" என்றார் பாட்டி.

அந்தப் பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது நல்ல கேள்வி, அதற்கு நேரான பதிலும் உண்டு. ஆடு குட்டி ஈன்றால்தான் பால் சுரக்கும். சினைக்காலம் சுமார் ஐந்து மாதம். குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்ப்பது பால் பண்ணைகளில் பரவலான வழக்கம். பெட்டைக்குட்டி வளர்ந்து பால் தரும். கிடாக்குட்டி தராது. ஐந்து வயதுக்கு "குட்டி தனியா புட்டிப்பால் குடிக்குது, அம்மாவோட பாலை நாம எடுத்துக்கிறோம்" என்பது போதும். பத்து வயதுப் பிள்ளை கிடாக்குட்டியைப் பற்றியும் கேட்கும். தீபாவளிக் காலையில் மட்டன் குழம்பு மணக்கும் வீட்டில் அதை எதற்கு மறைக்க வேண்டும்? பதிலைக் கேட்டு ஒரு பிள்ளை கறி வேண்டாம் என்றால், அதையும் மதித்துத்தான் ஆக வேண்டும்.

உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் ஊர் இது. பால் என்றால் பேரங்காடியின் குளிர்பெட்டி என்றே பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் கால்நடை நமக்கு அவ்வளவு தூரத்துச் சங்கதியில்லை. தேக்காவின் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் எருமையின் பெயரைத் தாங்கியவை. நம்மில் எத்தனையோ பேர் பிறந்த கேகே மருத்துவமனையின் பெயர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம்! விலங்கியல் தோட்டமும் அப்படித்தான். வில்லியம் லாரன்ஸ் சோம பசப்பா என்ற இந்திய வம்சாவளிச் செல்வந்தர் சிராங்கூன் ரோட்டில் விலங்குகளை வளர்த்து, 1928இல் பொங்கோலுக்கு மாற்றித் தோட்டமாகவே நடத்தினார். 1942இல் ஜப்பானியர் வருவதற்கு முன் பிரிட்டிஷ் படை அந்த இடத்தை எடுத்துக்கொண்டதோடு அது முடிந்தது.

பண்ணைகளும் நிரந்தரமில்லை. லிம் சூ காங்கில் 62 பண்ணைகளின் நிலம் குத்தகை முடிந்ததும் தற்காப்புப் பயன்பாட்டுக்குப் போகும் என்று 2014இல் அறிவித்தார்கள். அதன்பின் பல மூடின. ஆகவே அடுத்த விடுமுறைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

போகும்போது சில விஷயங்கள். மண்டாய்க்கு அங் மோ கியோவிலிருந்து 138ஆம் எண் பேருந்து உண்டு. பண்ணைக்கு வாகனம் இருந்தால் நல்லது. புறப்படுமுன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டுக்குப் புல் கொடுக்கும்போது மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். கடைவாய்ப் பற்கள் உண்டு, ஆகவே விரலை உள்ளே விடக்கூடாது. கண்மணி படுக்கைக்கோடாக இருப்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டுவிட்டுச் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு. திரும்பும் வழியில் சாலையோரக் குரங்குகளுக்கு முறுக்கு நீட்ட வேண்டாம். வனவிலங்குகளுக்கு உணவு கொடுத்தால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

பண்ணையில் ஆட்டுப்பால் புட்டியில் விற்பார்கள், சாக்லேட் சுவையிலும் கிடைக்கும். இரண்டு மூன்று வாங்குவதாக இருந்தால் வீட்டிலிருந்தே ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள்; வெயிலில் வண்டியில் வைத்தால் வீடு வருமுன் கெட்டுவிடும்.