படை அனுப்பியவர்கள் பெற்றது என்ன?

இராக் போரைப் பற்றி அமெரிக்க ராணுவமே தன் அதிகாரிகளைக் கொண்டு எழுதி, 2019 ஜனவரியில் வெளியிட்ட வரலாறு இரண்டு தொகுதிகளாக ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீள்கிறது. அந்தப் போரில் வென்றதாகத் தெரியும் ஒரே நாடு ஈரான்தான் என்று அந்த அதிகாரிகள் எழுதினார்கள். 2003 மார்ச்சில் வெள்ளை மாளிகை அறிவித்த கூட்டணிப் பட்டியலில் 49 நாடுகள் இருந்தன. ஐஸ்லாந்து, கோஸ்டா ரிகா, பலாவ், மார்ஷல் தீவுகள் போன்ற ராணுவமே இல்லாத நாடுகளும் அவற்றில் அடக்கம். முதல் படையெடுப்பில் களத்தில் இறங்கியவர்கள் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, போலந்து நாடுகளின் வீரர்கள். மற்ற பல நாடுகள் பிறகு படைப்பிரிவுகளை அனுப்பின. இத்தனை பேர் சேர்ந்து நடத்திய போரின் பலன், பட்டியலிலேயே இல்லாத ஒரு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு வல்லரசு தன் போருக்குத் துணை தேடும்போது சிறிய நாடுகளிடம் எப்போதும் ஒரே வாதம்தான் வைக்கப்படுகிறது: இன்று உடன் நின்றால் நாளை உனக்கு ஆபத்து வரும்போது நாங்கள் வருவோம். இராக் போரின் வரவு செலவைப் பார்த்தால் அந்த வாதம் நிற்கவில்லை.

ஈரானிலிருந்தே தொடங்கலாம். 1980 முதல் 1988 வரை எட்டு ஆண்டுகள் சதாம் ஹுசேனுடன் போரிட்டும் ஈரானால் அவரை அசைக்க முடியவில்லை. கூட்டுப்படை மூன்று வாரங்களில் அவருடைய ஆட்சியை முடித்துவைத்தது. 2003 மே 23 அன்று இராக் ராணுவத்தையே கலைக்கும் ஆணையும் வந்தது. ஈரானுக்கு எதிரே எல்லையில் நின்ற பெரிய படை அதோடு இல்லாமல் போனது. சதாம் காலத்தில் தெஹ்ரானில் அடைக்கலம் புகுந்திருந்த ஷியா கட்சிகள் பாக்தாத் திரும்பி ஆட்சியில் அமர்ந்தன. 2008 மார்ச்சில் ஈரான் அதிபர் அகமதிநெஜாத் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அரசு மரியாதையோடு பாக்தாத் வந்து போனார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களை அங்கே வைத்திருந்த அமெரிக்காவின் அதிபரோ, ஒவ்வொரு முறையும் பயணத்தை ரகசியமாக வைத்துத்தான் வர வேண்டியிருந்தது.

எண்ணெய்க்காக நடந்த போர், எனவே எண்ணெய் அமெரிக்காவுக்குத்தான் போயிருக்கும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். போரின் நோக்கங்களில் எண்ணெய்க்கு இடமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், நடந்ததைப் பார்க்க வேண்டும். 2009 ஜூனில் இராக் அரசு நடத்திய முதல் ஏலத்தில் முடிவானது ஒரே ஒப்பந்தம்தான். மிகப் பெரிய ருமைலா எண்ணெய் வயலை, கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் 2 டாலர் கட்டணத்தில் பிரிட்டனின் பிபியும் சீன அரசு நிறுவனமான சிஎன்பிசியும் சேர்ந்து எடுத்தன. அந்த டிசம்பரில் நடந்த இரண்டாவது ஏலத்தில் மேற்கு குர்னா-2 வயல், பீப்பாய்க்கு 1.15 டாலர் கட்டணத்தில் ரஷ்யாவின் லுகாயில் தலைமையிலான கூட்டுக்குக் கிடைத்தது. மேற்கு குர்னா-1 வயலைப் பெற்ற அமெரிக்காவின் எக்ஸான்மொபில் 2024 தொடக்கத்தில் அதைவிட்டு வெளியேறியபோது, நடத்தும் பொறுப்பு சீனாவின் பெட்ரோசீனாவிடம் போனது. இராக் எண்ணெயை அதிகம் வாங்கும் நாடும் இப்போது சீனாதான். சீனாவும் ரஷ்யாவும் பாதுகாப்பு கவுன்சிலில் இந்தப் போரை எதிர்த்தவை. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்ற பழமொழிக்கு நம் காலத்தில் இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

அமெரிக்காவுக்கு உள்ளே வென்றவர்கள் இருந்தார்கள். போர்ச் செலவு 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று 2002 செப்டம்பரில் சொன்ன அதிபரின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, அந்த ஆண்டு முடிவதற்குள் பதவியை விட்டுப் போனார். 2008இல் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் லிண்டா பில்ம்ஸும், காயமுற்ற வீரர்களின் வாழ்நாள் மருத்துவச் செலவையும் சேர்த்துப் போட்ட கணக்கு 3 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. அந்தப் பணத்தின் ஒரு பகுதி ஒப்பந்ததாரர்களிடம் போனது. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர்க்கால ஒப்பந்தங்களில் வீணடிப்பாலும் மோசடியாலும் 3,100 கோடி முதல் 6,000 கோடி டாலர் வரை பாழானதாக அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையமே 2011இல் கணக்குக் காட்டியது. சுமார் 4,500 அமெரிக்க வீரர்கள் உயிரிழந்தார்கள். இராக்கில் பதிவுகளைக் கொண்டு உறுதிசெய்யப்பட்ட குடிமக்கள் மரணங்கள் மட்டும் ஏறத்தாழ 2 லட்சம். அமெரிக்கா வென்றதா, தோற்றதா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடைக்காமல் இருப்பதற்குக் காரணம், வென்றவர்களையும் தோற்றவர்களையும் பிரிக்கும் கோடு நாடுகளுக்கு நடுவே ஓடாமல் ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ளே ஓடுவதுதான்.

துணைக்குப் போன நாடுகளின் கதைதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அவை ஏன் போயின என்பதற்கு 1991 வளைகுடாப் போரில் ஒரு விடை இருக்கிறது. அந்தப் போருக்கு அமெரிக்கா போட்ட கணக்கு சுமார் 6,100 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 5,400 கோடியை மற்ற நாடுகள் கொடுத்தன. ஜப்பான் மட்டும் 1,300 கோடி டாலர் தந்தது. போர் முடிந்ததும் குவைத் அரசு அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளியிட்ட நன்றி அறிவிப்பில் ஜப்பானின் பெயர் இல்லை. பணம் போதாது, ஆட்கள் போக வேண்டும் என்ற பாடத்தை ஜப்பான் ஆட்சியாளர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். போரைத் துறந்த அரசியல் சட்டத்தை வைத்துக்கொண்டே, 2004இல் இராக்கின் சமாவா நகருக்குச் சில நூறு வீரர்களை அனுப்பினார்கள். போலந்தும் அப்படித்தான் நம்பியது. மத்திய இராக்கில் ஒரு பன்னாட்டுப் படைப்பிரிவுக்கே தலைமை ஏற்றது. பேரழிவு ஆயுதங்கள் விஷயத்தில் தாங்கள் தவறாக வழிநடத்தப்பட்டதாக ஓராண்டுக்குள் அதன் அதிபரே சொல்ல நேர்ந்தது. விசா இல்லாமல் அமெரிக்கா போகும் உரிமையைத் தன் குடிமக்களுக்காக போலந்து விடாமல் கேட்டுவந்தது. அது கிடைத்தது 2019 நவம்பரில். போலந்து வீரர்கள் இராக்கைவிட்டு வந்து அதற்குள் 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஜார்ஜியாவுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. நாற்பது லட்சம் பேர் வாழும் அந்த நாடு 2007-08இல் சுமார் 2,000 வீரர்களை இராக்கில் நிறுத்தியிருந்தது. அமெரிக்கா, பிரிட்டனுக்கு அடுத்த மூன்றாவது பெரிய படை அது. வடக்கே இருக்கும் ரஷ்யாவை நினைத்துத்தான் இவ்வளவும் செய்தார்கள். இராக்கில் சிந்தும் வியர்வை நேட்டோவின் கதவைத் திறக்கும் என்று நம்பினார்கள். 2008 ஆகஸ்டில் ரஷ்யப் படைகள் ஜார்ஜியாவுக்குள் நுழைந்தபோது, நாட்டின் தேர்ந்த வீரர்கள் இராக்கில் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கா தன் விமானங்களில் அவர்களை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பின்னர் 100 கோடி டாலர் உதவியும் அறிவித்தது. அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. ரஷ்யாவோடு அணு ஆயுதப் போருக்கு வழிவகுக்கக்கூடிய ஒரு மோதலில் இறங்க எந்த அமெரிக்க அதிபரும் துணிந்திருக்க மாட்டார். அது நியாயமான தயக்கம்தான். ஆனால், அந்தத் தயக்கம் இருக்கும் என்பது ஜார்ஜியா படை அனுப்பிய நாளிலேயே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. ஜார்ஜியாவின் பகுதிகளான அப்காசியாவும் தெற்கு ஒசேத்தியாவும் இன்றுவரை ரஷ்யப் படைகளின் பிடியில் இருக்கின்றன. உதவிக்கு வருவதா வேண்டாமா என்பதை வல்லரசு அந்த நேரத்துத் தன் நலனை வைத்தே முடிவுசெய்கிறது. பழைய நன்றிக்கடனை நினைவூட்டி அதை வரவழைக்க எந்தச் சிறிய நாட்டிடமும் வழி இல்லை.

மறுத்த நாடுகளுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும். கனடா பிரதமர் ழான் கிரேத்தியான் 2003 மார்ச் 17 அன்று, ஐ.நா. ஒப்புதல் இல்லாமல் தன் நாடு வராது என்று அறிவித்தார். அமெரிக்காவுடனான வர்த்தகம் அதனால் முறிந்துவிடவில்லை. ஜெர்மனி மறுத்தது, சில காலம் மனக்கசப்பு இருந்தது, பிறகு போனது. துருக்கி நாடாளுமன்றம் தன் மண்ணில் அமெரிக்கப் படை இறங்க அனுமதிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றாமல் விட்டது. பேசப்பட்டிருந்த பல நூறு கோடி டாலர் உதவியை அது இழந்தது உண்மை. நேட்டோவில் அதன் இடம் அப்படியே இருந்தது. இந்தியாவிடம் ஒரு டிவிஷன் அளவுக்குப் படை கேட்டார்கள். போரைக் கண்டித்து 2003 ஏப்ரலில் மக்களவை தீர்மானம் நிறைவேற்றியிருந்த நிலையில், ஐ.நா.வின் தெளிவான ஆணை இருந்தால் பரிசீலிக்கலாம் என்று சொல்லி வாஜ்பாய் அரசு ஜூலை 14 அன்று மறுத்தது. சரியாக இரண்டு ஆண்டுகளில், 2005 ஜூலையில், அணுசக்தி ஒத்துழைப்புக்கான கூட்டறிக்கையை, போரைத் தொடங்கிய அதே அமெரிக்க அதிபர் புஷ் இந்தியாவுடன் சேர்ந்து வெளியிட்டார். சீனாவுக்கு எதிரே ஒரு பெரிய இந்தியா அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. இராக்குக்கு நம் வீரர்கள் போகாததும் அந்தத் தேவையைக் குறைக்கவில்லை.

இதற்கு எதிராக தென் கொரியாவைக் காட்டுவார்கள், அதில் நியாயம் இருக்கிறது. 1964 முதல் 1973 வரை 3 லட்சத்துக்கு மேற்பட்ட கொரிய வீரர்கள் வியத்நாம் போனார்கள். அதன் வழியே நாட்டுக்கு வந்த வருமானம் 100 கோடி டாலர் அளவுக்கு இருந்தது. ஹுண்டாய், ஹன்ஜின் போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டு ஒப்பந்தங்களில் கால் ஊன்றியது அப்போதுதான். ஆனால், கொரிய அதிபர் பார்க் சுங்-ஹீ வாக்குறுதியை நம்பிப் போகவில்லை. படைச் செலவு, ராணுவ நவீனமயம், கொள்முதல் என்று 1966 மார்ச்சில் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கினார். எழுத்தில் இருந்தது வந்தது. எழுத்தில் வராத பாதுகாப்பு உணர்வுக்கு என்ன நேர்ந்தது? கொரிய வீரர்கள் வியத்நாமில் செத்துக்கொண்டிருந்தபோதே, நிக்ஸன் நிர்வாகம் 1971இல் தென் கொரியாவிலிருந்து ஒரு முழு டிவிஷனை, சுமார் 20,000 வீரர்களை, திருப்பி அழைத்துக்கொண்டது. அந்த வருமானத்துக்கு 5,000க்கு மேற்பட்ட கொரிய இளைஞர்களின் உயிர் விலையானது. வியத்நாம் கிராமத்தவர்களும் விலை கொடுத்தார்கள். 1968இல் ஃபோங் நி கிராமத்தில் நடந்த படுகொலையில் தப்பிய ஒருவருக்கு தென் கொரிய அரசு இழப்பீடு தர வேண்டும் என்று சோல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023இல்தான். ஹுண்டாய் வளர்ந்ததை வெற்றி என்று எழுதும்போது இந்தப் பக்கத்தையும் அதே தாளில் எழுத வேண்டும்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. சதாம் ஒரு கொடுங்கோலர். 1988இல் ஹலப்ஜாவில் ஏறத்தாழ 5,000 குர்து மக்களை விஷவாயுவால் கொன்றவர். அவருடைய வீழ்ச்சியால் குர்துகள் பெற்றதை யாரும் சிறுமைப்படுத்தக் கூடாது. 2005 அரசியல் சட்டம் அவர்களுடைய சுயாட்சியை ஏற்றது. அவர்களுடைய மொழி இராக்கின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. இது உண்மையான வெற்றி. ஆனால், இதே குர்துகள் ஐஎஸ் அமைப்புக்கு எதிராக மேற்கு நாடுகளின் தரைப்படை போலவே நின்று போரிட்ட பிறகு, 2017 செப்டம்பரில் சுதந்திரத்துக்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள். 90 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு கிடைத்தது. அடுத்த மாதமே பாக்தாத் அரசின் படையும் ஈரான் ஆதரவுக் குழுக்களும் கிர்குக்கை அவர்களிடமிருந்து பறித்தபோது கூட்டாளிகள் ஒதுங்கி நின்றார்கள். விடுதலை தந்தோம் என்று சொல்பவர்கள், விடுவிக்கப்பட்டவர்களிடம் அதற்குப் பிறகு எப்படி நடந்துகொண்டார்கள் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஆக, படை கேட்டு வரும் கோரிக்கையை ஒரு நாடு எடைபோடும்போது நட்பு, நன்றி, கௌரவம் என்ற சொற்களை ஒதுக்கிவைத்துவிட்டு, எழுத்தில் என்ன இருக்கிறது, எப்போது முடியும், யார் பணம், யார் பிள்ளைகள் என்று கேட்கும் இடம் நாடாளுமன்றமாக இருக்க வேண்டும் என்பது என் வாதம். ரகசியம் காக்க வேண்டிய விஷயத்தை அவையில் எப்படி விவாதிப்பது என்று கேட்பார்கள். அதற்கு பிரிட்டனின் அனுபவம் பதில் சொல்கிறது. ஜான் சில்காட் தலைமையிலான விசாரணை, 2016இல் வெளியிட்ட 12 தொகுதி அறிக்கையில், இராக் விஷயத்தில் அமெரிக்காவின் முடிவுகளை மாற்றும் வல்லமை தனக்கு இருப்பதாக அன்றைய பிரதமர் டோனி பிளேர் மிகையாக எண்ணினார் என்றது. நேர்மையான கருத்து வேறுபாட்டைத் தாங்கும் பலம் இரு நாட்டு உறவுக்கு உண்டு என்றும் சொன்னது. நிபந்தனையற்ற ஆதரவுக்கு ஈடாக பிளேர் வாங்க நினைத்த செல்வாக்கு கிடைக்கவே இல்லை. 179 பிரிட்டிஷ் வீரர்களின் உயிர் போனது. 2003 மார்ச் 18 அன்று 412க்கு 149 என்ற வாக்கில் போருக்குச் சம்மதித்த அதே மக்களவை, 2013இல் சிரியா மீதான தாக்குதலுக்கு அனுமதி மறுத்தது. அந்த மறுப்பால் பிரிட்டன் அமெரிக்காவின் நட்பை இழக்கவில்லை. இருந்தும் 2018இல் அவையைக் கேட்காமலேயே பிரதமர் தெரசா மே சிரியாவில் குண்டுவீசும் தாக்குதலில் சேர்ந்தார். ஆஸ்திரேலியாவில் போருக்குப் படை அனுப்பும் அதிகாரம் முழுவதும் அரசிடமே இருக்கிறது. அதை மறுபரிசீலனை செய்த நாடாளுமன்றக் குழு, முடிவெடுக்கும் உரிமை அமைச்சரவையிடமே தொடரட்டும் என்று 2023இல் பரிந்துரைத்தது.