பழகிவிட்டது!

வெளியூரிலிருந்து நம் இல்லங்களுக்கு வரும் உறவினர், கோவிலம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்பதுண்டு: "என்ன இது, ஏதோ வாடை அடிக்கிறதே?" நாமோ மூக்கை ஒருமுறை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "அப்படியொன்றும் தெரியவில்லையே!" என்கிறோம். இருவரும் சொல்வது உண்மைதான். நமக்குக் கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும், அதன் ஓரத்தில் பல்லாண்டுகளாக நகரத்தின் குப்பை கொட்டப்பட்டு வந்த பெருங்குடிக் கிடங்கும் இருக்கின்றன. கடற்காற்றோடு அவ்வாடை இப்பக்கமும் வருவதுண்டு. வாடை மறைந்துவிடவில்லை, நம் மூக்குதான் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டது.

புலன்களின் வேலை, இருப்பதையெல்லாம் ஓயாமல் ஒப்பிப்பதன்று, மாறுவதை அறிவிப்பதே. காலையில் கட்டிய கைக்கடிகாரத்தைத் தோல் சற்று நேரத்தில் மறந்துவிடுகிறதல்லவா? மூக்கின் மேற்கூரையில் உள்ள மெல்லிய சவ்வில் சுமார் 400 வகை ஏற்பிகள் வாசனைகளைப் பற்றிக்கொண்டு மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே வாசனை நீடித்தால் அந்தச் செல்கள் செய்தியைக் குறைத்துக்கொள்கின்றன. மூளையும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவேதான் அம்மா தாளிக்கும் மணம் வாசலில் நுழையும் நமக்கு மூக்கைத் துளைக்கிறது. அடுப்பருகே நிற்கும் அம்மாவுக்கோ அவ்வளவாகத் தெரிவதில்லை. பாவம் அம்மா!

இந்த மறதி ஒரு வரமே. ஆனால் "பழகிவிட்டது" என்பதைச் "சரியாகிவிட்டது" என்று நாம் பொருள் கொள்வதுதான் தவறு. சாக்கடைகளிலும் செப்டிக் டேங்குகளிலும் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைப் பாருங்கள். சிறிதளவு இருக்கையில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தாலோ மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றது என்று நினைக்கும் அந்த வேளையே மரண வேளை. பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரை அதனுள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதன் பின்னரும் நம் நாட்டில் அத்தகைய சாவுச் செய்திகளைப் படிக்கிறோம். 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் கிடங்கு தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்தபோது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். புகை அடங்கியதும் பேச்சும் அடங்கிவிட்டது.

மூக்கையாவது மன்னிக்கலாம். அதன் உணர் செல்கள் தேய்ந்தாலும் மீண்டும் புதிதாய் முளைக்கும். காதுக்கு அந்த வசதி இல்லை. ஒலி செவிப்பறையை அதிரச் செய்து, மூன்று சிற்றெலும்புகள் வழியாக நத்தைக்கூடு போன்ற காக்ளியாவை அடைகிறது. அங்கே ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் காத்திருக்கின்றன. பேரொலியால் அவை மடிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. அதிலும் கீச்சொலிகளை உணர்பவையே முதலில் போகின்றன. சத்தம் பழகிவிட்டது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே அவை ஒவ்வொன்றாய் மடிந்துகொண்டிருக்கலாம்.

பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்க 2000ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. அங்கே பகலில் 50 டெசிபெலே வரம்பு. மேடவாக்கம் சாலையில் லாரிகளை நம்மால் தடுக்க இயலாது. நம் வாயிலில் மாலையில் எழும் ஹாரன் ஒலியோ லாரிக்காரர் எழுப்புவதன்று. நம்மை அழைத்துச் செல்ல வரும் வண்டிகள் எழுப்புவது. (நம் விழாக்களின் ஒலிபெருக்கியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், அருட்சகோதரிகள் பொறுத்தருள்வார்களாக!) அன்புள்ள பெற்றோரே, வேன் ஓட்டும் அண்ணன்மாரே, மணி அடித்த பிறகு ஐந்து நிமிடம் நாங்கள் தாமதித்தாலும் ஹாரனில் கை வைக்காமல் காத்திருங்கள். வகுப்புக்கு இருவராக வாயிலில் நின்று, வந்திருக்கும் வண்டிகளின் பெயரை உள்ளே வந்து சொல்ல நாங்கள் ஆயத்தமாயிருக்கிறோம்.