ஸ்டியரிங் ஆடினால் ஆள் ஏற்றாதீர்கள்

ஸ்டியரிங் ஆடுகிற லாரியோடு வருகிற ஓட்டுநர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணே, இதை இன்னும் எத்தனை நாளைக்கு ஓட்டலாம்?” சிங்கப்பூரின் துவாஸில் லாரி ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை பார்க்கிறவன் நான். பின்னால் ஆட்களை ஏற்றுகிற வண்டியாக இருந்தால், ஒரு நாள்கூட ஓட்டக்கூடாது என்பதுதான் என் பதில்.

கேட்கிறவருக்கு அது தெரியாமல் இல்லை. சொல்லவேண்டிய இடத்தில் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் வந்தபோது மன்னார்குடித் தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டினார். அவர் ஓட்டும் 14 அடி லாரியின் ஸ்டியரிங்கைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் படம் பிடித்திருக்கிறார். மணிக்கட்டு வரை கை உதறுகிறது. “50ஐத் தாண்டினா நிக்க மாட்டேங்குதுண்ணே. சூப்பர்வைசர்கிட்ட சொன்னா, ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடின்னு சொல்றாரு.”

“பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடுதா, எப்பவுமேவா?” என்று கேட்டேன்.

“எப்பவும்தான். மேம்பாலத்துல அந்த இரும்பு இணைப்புல ஏறி இறங்குனா இன்னும் ஜாஸ்தி. வேகத்தைக் குறைச்சாத்தான் அடங்குது.”

ஒர்க்‌ஷாப்காரனுக்கு இவ்வளவு போதும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் பிரேக் டிரம்மையோ டிஸ்க்கையோ பார்க்கவேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் சீராக நடுங்கினால் சக்கரத்தின் எடைச் சமநிலை தவறியிருக்கலாம். கட்டுமானத் தளத்துக்குப் போய்வரும் வண்டிகளில் ரிம்மின் உட்புறம் களிமண் அப்பி இறுகிப்போயிருக்கும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பாதி நடுக்கம் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். 16 அங்குல ரிம் கொண்ட லாரிச் சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 7 முறை சுற்றும். ரிம்மின் ஓரத்தில் 100 கிராம் மண் கூடுதலாக ஒட்டியிருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட 4 கிலோ வலுவோடு அது அச்சை இழுக்கும்.

ஆனால் மேட்டில் ஏறியதும் உதறல் தொடங்கி, வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கிறது என்றால் தேய்மானம் உள்ளே இருக்கிறது. முன் அச்சின் நுனியில் சக்கரம் திரும்புவதற்குத் தாங்கலாக நிற்பது கிங்பின். அதன் புஷ் தேய்ந்திருக்கும், அல்லது சக்கரத்தைத் திருப்பும் தண்டின் நுனி மூட்டான டை ராட் எண்ட் லூசாகியிருக்கும். சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, பாதுகாப்பாகத் தாங்கல் கொடுத்துவிட்டு, டயரின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டவேண்டும். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லவேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தபிறகும் ஆடினால் கிங்பின். பிறகு டயரின் இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின் நிலை தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை.

அடுத்த வாரம் அந்தத் தம்பியே கூப்பிட்டார். “சரியாயிடுச்சுண்ணே. முன் டயர் ரெண்டையும் பின்னாடி மாத்திட்டாங்க, இப்ப அவ்வளவா ஆடல.”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு முன் டயரின் பக்கவாட்டில் புடைப்பு இருப்பதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். உள்ளே கம்பி அடுக்கு பிரிந்த டயர்தான் அப்படிப் புடைக்கும். அதைக் கழற்றிப் பின்பக்க இரட்டைச் சக்கரத்தின் உள்பக்கம் மாட்டிவிட்டால் ஸ்டியரிங்குக்கு நடுக்கம் வராது, ஓட்டுநருக்கும் தெரியாது. ஆனால் வெடிக்கக்கூடிய டயர், இப்போது ஆட்கள் உட்கார்ந்திருக்கும் தளத்துக்கு நேர் கீழே இருக்கிறது. கிங்பின்னோ தேய்ந்தபடியே கிடக்கிறது. பழுதை ஒளித்துவைக்கும் இந்த வேலையைத்தான் நான் அடியோடு வெறுக்கிறேன்.

இது இந்த ஊருக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-250, எஃப்-350 போன்ற கனரக பிக்கப் வண்டிகளில் மேட்டில் ஏறியதும் முன்பக்கமே உதறுவதாக உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் புகார் சொன்னார்கள். 2019இல் கலிஃபோர்னியாவில் வழக்கே தொடுத்தார்கள். இவையும் நம் லாரிகள் பலவற்றைப் போல முன்பக்கம் ஒற்றை இரும்பு அச்சு கொண்டவை. அங்கும் பலர் முதலில் செய்வது ஸ்டியரிங் டாம்பரை மாற்றுவதுதான். புது டாம்பர் சில காலம் உதறலை அமுக்கிவைக்கும். தேய்ந்த மூட்டு அதற்குக் கீழே தேய்ந்துகொண்டே இருக்கும். ஆனால் அங்கே ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரே பெரும்பாலும் வண்டிக்குச் சொந்தக்காரர். பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு வழக்குப் போடுகிறார்.

நம் தம்பியின் நிலை வேறு. அவர் முழுநேர ஓட்டுநர்கூட இல்லை. பகலெல்லாம் தளத்தில் கம்பி கட்டுகிறார். காலையிலும் இரவிலும் ஆட்களை ஏற்றி இறக்குகிறார். அவருடைய வேலை அனுமதிச் சீட்டு முதலாளியின் கையில் இருக்கிறது. ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் இன்னும் தீரவில்லை. “இந்த வண்டியை எடுக்க மாட்டேன்” என்று அவர் எந்த வாயால் சொல்வார்?

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பின்தளத்துக்குக் கூரையும் உயரமான தடுப்புக் கம்பியும் வந்தன. 2023 ஜனவரி முதல் ஓட்டுநர் விழிப்பாக இருக்கப் பக்கத்தில் ஒருவர் உட்காரவேண்டும் என்று ஆனது. 3,501 முதல் 12,000 கிலோ வரை மொத்த எடை கொண்ட லாரிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி படிப்படியாகக் கட்டாயமாகிவருகிறது. 10 ஆண்டுக்கு உட்பட்ட லாரிக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், அதைத் தாண்டினால் 6 மாதத்துக்கு ஒருமுறையும் பரிசோதனை உண்டு. ஆனால் வாரத்தில் ஆறு நாளும் சேற்றிலும் சுமையிலும் ஓடுகிற வண்டிக்கு 6 மாதம் நீண்ட காலம். கிரீஸ் துப்பாக்கியைப் பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் தேடுகிற நிறுவனங்களும் உண்டு.

2021 ஏப்ரல் 20 அன்று தீவு விரைவுச்சாலையில், 17 ஊழியர்களை ஏற்றிச்சென்ற லாரி ஒன்று நின்றுகொண்டிருந்த டிப்பர் லாரியில் மோதியது. இருவர் இறந்தார்கள். அதற்கும் ஸ்டியரிங் பழுதுக்கும் முடிச்சுப்போட நான் வரவில்லை. லாரி மோதினால் பின்னால் இருக்கிறவர்களின் கதி என்ன என்பதை அன்று ஊரே பார்த்தது. அவர்களுக்கு இருக்கைவார் கிடையாது; சாய்ந்துகொள்ள இருக்கையும் கிடையாது. ஆட்களைப் பேருந்தில்தான் ஏற்றவேண்டும் என்று பல அமைப்புகள் கேட்டுவருகின்றன. நானும் அவர்கள் பக்கம்தான். அது நடக்கும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு.

ஒவ்வொரு லாரியிலும் ஒரு பதிவேடு தொங்கட்டும். ஸ்டியரிங், பிரேக், டயர் மூன்றில் எது சரியில்லை என்றாலும் ஓட்டுநர் தமிழிலோ வங்காளத்திலோ ஒரு வரி எழுதட்டும். பக்கத்தில் இருப்பவரும் கையெழுத்துப் போடட்டும். எழுதிய நேரம் முதல், மெக்கானிக் சோதித்துக் கையெழுத்திடும்வரை அந்த வண்டி ஆள் ஏற்றக்கூடாது என்று மனிதவள அமைச்சும் நிலப் போக்குவரத்து ஆணையமும் விதியாக்கட்டும். எழுதிய ஓட்டுநரைத் திருப்பி அனுப்பினால் அதற்கு முதலாளி பதில் சொல்லட்டும். இப்போது எல்லாமே வாய்ச்சொல்லாக இருப்பதால்தான், விபத்துக்குப் பிறகு “யாரும் என்னிடம் சொல்லவில்லை” என்று தப்பிக்க முடிகிறது.

மன்னார்குடித் தம்பி அந்த வீடியோவை நிறுவன அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டார். நானும் என்ன பழுது இருக்கக்கூடும் என்று இரண்டு வரி எழுதிக்கொடுத்தேன். வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. இரண்டு பக்கக் கிங்பின்னும் ஒரு டை ராட் எண்டும் மாற்றினார்கள். புடைத்த டயரைத் தூக்கி எறிந்தார்கள். ஒரு நாள் வண்டி நின்றது, அவ்வளவுதான். அன்று ஆட்கள் வாடகைப் பேருந்தில் போனார்கள்.

முதலாளிமார்களே, உங்கள் ஓட்டுநர் ஸ்டியரிங் ஆடுகிறது என்று சொன்னால், இறுக்கிப் பிடி என்று சொல்லாதீர்கள். சாவியை வாங்கிவையுங்கள். அன்றைக்கு ஒரு பேருந்தைக் கூப்பிடுங்கள்.