ஆட்டத்துக்கு வர்றியா?

குட்டீஸ்! பள்ளிக்கூடம் போகாமல், அப்பா அம்மாவிடம் வீட்டிலேயே பாடம் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "மணியும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை, ஜாலிதான்!" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

படிப்புக்கு வழி உண்டு. 1989ல் தொடங்கிய தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் மூலம், 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஆனால், கபடி ஆட ஓர் அணிக்கு ஏழு பேர் வேண்டுமே? அதைப் புத்தகம் தருமா?

அதனால்தான், இந்தக் குடும்பங்கள் ஒன்றையொன்று தேடிச் சேர வேண்டும் என்கிறேன். 2012ல் 'ஸ்வஷிக்ஷன்' என்ற அமைப்பு இப்படித்தான் உருவானது. ஒரு வீட்டு அம்மா கணக்கு சொல்லித் தரலாம்; இன்னொரு வீட்டு அப்பா தச்சுவேலை கற்றுத் தரலாம். அரசின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் பாட்டு, நடனம், ஓவியம் பழகலாம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், "ஏன் பள்ளிக்கூடம் போகலை?" என்று கிண்டல் செய்யாதீர்கள். "ஆட்டத்துக்கு வர்றியா?" என்று கூப்பிடுங்கள். அதைவிடப் பெரிய உதவி வேறில்லை!