முறம் முடைந்த கைகளுக்கே மூங்கில் பலகை

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாவட்டமே பெருமைப்பட்டது, பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால், அதே மாவட்டத்தில், தியாகதுருகம் போன்ற ஊர்களில் சாலையோரம் உட்கார்ந்து கூடையும் முறமும் முடைகிறவர்களுக்கு இதுவரை கிடைத்த ஒரே பெயர், சாதிப் பெயர்தான்.

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. தேக்குக்கு மாற்றாக மேசை, அலமாரி, கதவுகளுக்கு மூங்கில் பலகை பரிந்துரைக்கப்படுகிறது. பரிந்துரையில் நியாயமும் இருக்கிறது. தேக்கு முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். மூங்கில் கழி மூன்று, நான்கு ஆண்டுகளில் முற்றிவிடும். முற்றியதை மட்டும் வெட்டினால் தூர் மீண்டும் குருத்து விடும். புதிதாக நட வேண்டியதில்லை.

பலகை இரண்டு விதம். மூங்கிலைச் சிம்புகளாகச் சீவி, இழைத்து, பசையிட்டு ஒட்டுவது ஒன்று. மெல்லிய பிளாச்சுகளைப் பாயாகப் பின்னி, பிசினில் நனைத்து, அடுக்கிச் சூட்டில் அழுத்துவது இன்னொன்று. மூங்கிலில் உள்ள மாவுச்சத்தை வண்டு தேடி வரும் என்பதால், முன்னதாகவே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். துளையிடாமல் ஆணி அடித்தால் பிளக்கும். பசை மட்டமானால் பலகையும் மட்டம்.

இதில் எந்திரம் செய்வது கொஞ்சம்தான். எது முற்றிய கழி, எங்கே கணு, எந்தப் பக்கம் பிளந்தால் நேராக ஓடும் என்பதெல்லாம் தலைமுறைகளாக முடைந்த கைகளுக்குத் தெரிந்த கல்வி. இந்தக் கல்விக்குச் சான்றிதழ் இல்லை; அதனால் கூலியும் இல்லை.

கேரளத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அங்கமாலியில் 1971-இல் தொடங்கிய மாநில மூங்கில் கழகம், நெய்பவர்களுக்கு மூங்கிலைக் கொடுத்து, பாயை வாங்கி, பலகை செய்கிறது. நெய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குறைகள் அங்கும் உண்டு. ஆனாலும் அரசு நிறுவனம் என்பதால் கேள்வி கேட்க ஒரு வாசல் இருக்கிறது.

நம் மாவட்டத்தில் என்ன நிலை? 2017-இல் வனச் சட்டம் திருத்தப்பட்டு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் ‘மரம்’ என்ற பட்டியலிலிருந்து நீங்கியது. பட்டா நிலம் உள்ளவருக்கு லாபம். 2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப் பொருளாக ஏற்று, அதைச் சேகரிக்கவும் விற்கவும் வனவாசிகளுக்கு உரிமை தந்தது. மகாராஷ்டிரத்தின் மேண்டா லேகா கிராமம் அந்த உரிமையை 2011-இல் நடைமுறையில் பெற்றது. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகளுக்கும் அது முழுமையாகக் கைக்கு வர வேண்டும். சமவெளியில் முடைகிற பட்டியல் சமூகத்தவருக்கோ காடும் இல்லை, காணியும் இல்லை. காசு கொடுத்துத்தான் மூங்கில் வாங்க வேண்டும். நிலம் இல்லாதவருக்குச் சட்டத் திருத்தம் எதைத் தந்தது?

இந்த நிலையில் தனியார் பலகை ஆலை வந்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். முடைபவர் கிலோக் கணக்கில் பிளாச்சு சீவும் கூலியாவார். ஆலைக்குப் பசுமைத் தொழில் என்ற பெயர் கிடைக்கும்.

ஆகவே, நாம் கேட்பது மூன்று. மலைக் கிராம சபைகளின் மூங்கில் உரிமையை மாவட்ட நிர்வாகம் நடைமுறைப்படுத்த வேண்டும். அவர்களிடமிருந்து நியாய விலைக்கு மூங்கில் வாங்க, முடைபவர்களின் கூட்டுறவுச் சங்கம் அமைய வேண்டும். அழுத்து எந்திரமும் பட்டறையும் தாட்கோ உதவியோடு அந்தச் சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும்.

ஊரில் சாவு விழுந்தால் மூங்கில் வெட்டிப் பாடை கட்டச் சேரிக்கு ஆள் அனுப்பிய காலத்தை நாம் மறக்கவில்லை. அப்போது மூங்கிலைத் தொட்டது இழிவு. இப்போது அதே மூங்கில் வரவேற்பறை மேசையாகிறது. இழிவைச் சுமந்தவர்களுக்கே வருமானமும் சேர வேண்டும்.