ஒற்றைத் திரைக்குள் இரண்டு படைகள்

கையடக்கக் கருவிக்கென உருவான ஒரு விளையாட்டு தொலைக்காட்சித் திரைக்குப் பெயரும்போது, படங்கள் எவ்வளவு கூர்மையாயின என்பதைவிட, அதன் விதிகள் பழைய கருவியை எந்த அளவுக்குச் சார்ந்திருந்தன என்பதே அதன் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. 'மைட் அண்ட் மேஜிக்: கிளாஷ் ஆஃப் ஹீரோஸ்' இதற்கு நல்ல சான்று. கனடாவின் டொரான்டோ நகரைச் சேர்ந்த காப்பிபாரா கேம்ஸ் உருவாக்கி, பிரான்சின் யூபிசாஃப்ட் 2009 இறுதியில் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வெளியிட்ட இவ்விளையாட்டு, 2011 ஏப்ரலில் எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 ஆகியவற்றின் இணையக் கடைகளுக்கும், அதே ஆண்டில் கணினிக்கும், வட்டு ஏதுமின்றித் தரவிறக்கிக்கொள்ளும் வடிவில் வந்து சேர்ந்தது.

டிஎஸ் கருவிக்கு மேலும் கீழுமாக இரண்டு திரைகள் உண்டு. எதிரியின் படை மேல்திரையிலும் விளையாடுபவரின் படை கீழ்த்திரையிலும் நின்றதால், விளையாட்டே அந்த அமைப்பிலிருந்து பிறந்ததுபோலத் தோன்றியது. உண்மையில் அதன் உயிர் வேறிடத்தில் இருந்தது. நெடுவரிசைகளாக நிற்கும் வீரர்களில் ஒரு வரிசையின் கடைசி வீரரை மட்டுமே எடுத்து மற்றொரு வரிசையில் நிறுத்த முடியும். ஒரே வகையும் நிறமும் கொண்ட மூவர் செங்குத்தாக இணைந்தால் தாக்குதல் அணி உருவாகும், கிடையாக இணைந்தால் அரண் எழும். தாக்குதல் அணி உடனே பாய்வதில்லை; சில முறைகள் காத்திருந்து வலுவேறிய பின்னரே புறப்படுகிறது, அந்தக் காத்திருப்பை எதிரியும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே, நிறம் சேர்க்கும் புதிராகத் தொடங்குவது, எந்த அணியை எப்போது புறப்படச் செய்வது, எதிரியின் அணி பாய்வதற்குள் எந்த வரிசையில் அரண் எழுப்புவது என்ற காலக் கணக்காக மாறிவிடுகிறது. இந்தக் கணக்குக்குத் தொடுதிரையோ இரட்டைத் திரையோ தேவையில்லை. விரைவாக விரலசைக்கும் திறனும் தேவையில்லை. இரு படைகளும் ஒரே அகலத்திரையில் எதிரெதிரே நின்றபோது எதுவும் குறையாததற்கு இதுவே காரணம்.

இவ்விளையாட்டின் பாத்திரமேற்புப் பகுதி, அதாவது நாயகர் அனுபவம் சேர்த்துப் படிப்படியாக வலிமை பெறும் அம்சம், சற்று இடறுகிறது என்றே சொல்ல வேண்டும். கதை ஐந்து இளம் நாயகர்களிடம் அடுத்தடுத்துக் கைமாறுகிறது. ஒவ்வொருவரும் முதல் படியிலிருந்தே தொடங்குவதால், முன்பு உழைத்துச் சேர்த்த வலிமை அத்தியாயம் முடிந்ததும் கையைவிட்டுப் போகிறது. ஒவ்வொரு இனத்தின் படையும் வேறு விதமாக இயங்குவதால் புதிதாகக் கற்க வைக்கும் நோக்கம் புரிகிறது; ஆனாலும் அலுப்பு அலுப்புதான்.

தரவிறக்க வடிவம் இவ்விளையாட்டுக்கு அளித்தவை இரண்டு. முதலாவது விலை: வட்டில் வரும் பெரிய விளையாட்டுகள் அன்று அமெரிக்காவில் 60 டாலருக்கு விற்கப்பட்ட நிலையில், இது 15 டாலருக்குக் கிடைத்தது. பெருஞ்செலவில் உருவான போர் விளையாட்டுகளுக்கு அருகே கடை அலமாரியில் இதை அதே விலைக்கு நிறுத்தியிருந்தால் வாங்க ஆள் கிடைத்திருப்பது அரிது. இரண்டாவது, இன்னும் முக்கியமானது, எதிராளி. டிஎஸ் பதிப்பில் இருவர் மோதுவதற்கு அருகருகே இருக்க வேண்டியிருந்தது. புதிய பதிப்பு இணையவழிப் போட்டியையும் இருவர்க்கு இருவர் மோதும் முறையையும் சேர்த்தது. எதிரியின் எண்ணத்தை ஊகிப்பதையே அடிப்படையாகக் கொண்ட விளையாட்டுக்கு மனித எதிராளி கிடைப்பது கூடுதல் வசதி மட்டுமல்ல, அதன் விதிகள் முழுமையாகச் சோதிக்கப்படும் களம்.

தரவிறக்க வடிவத்துக்கு ஒரு விலையும் உண்டு. தரவிறக்கிய விளையாட்டை வாங்கியவர் பெறுவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. அதைப் பிறருக்கு மறுவிற்பனை செய்ய இயலாது. எக்ஸ்பாக்ஸ் 360 கருவியின் கடையை மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலையில் மூடியபோது, ஏற்கெனவே வாங்கியவர்கள் மீண்டும் தரவிறக்கிக்கொள்ள வழி இருந்ததே தவிர, அக்கருவியில் புதிதாக வாங்கும் வழி அடைபட்டது. டோட்டெமு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட செம்பதிப்பு அதற்குள் கணினிக்கும் நிண்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4 கருவிகளுக்கும் வந்துவிட்டிருந்ததால் இவ்விளையாட்டு அந்த இழப்பிலிருந்து தப்பியது. அதே காலத்தில் தரவிறக்கமாக மட்டுமே வெளிவந்து, மறுபதிப்புக்குப் பதிப்பாளர் எவரும் முன்வராத சிறு விளையாட்டுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.